அண்ணி கை பட்ட இடமெல்லாம்

“கேளுங்க தம்பி” என்று தொடங்கும்போதே அண்ணியின் கை என் தோளில் விழுந்துவிடும். சொல்ல வந்தது சின்ன விஷயம் என்றால் ஒரு தட்டு. பெரிய விஷயம் என்றால் முழங்கைக்கு மேலே ஒரு பிடி. சிரிப்பு வந்துவிட்டாலோ, பக்கத்தில் யார் இருந்தாலும் முதுகில் ஓர் அடி விழும். பேருந்தில் அண்ணியின் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாத பெண்மணி, இறங்குவதற்குள் தன் மருமகளைப் பற்றி மொத்தமும் சொல்லி முடித்திருப்பார். அளவெடுக்க வந்த தையல்காரரையே தொட்டுத் தொட்டுப் பேசி அளவை மறக்க வைத்தவர் அண்ணி.

என் அப்பா யாரையும் கிட்டே சேர்க்காதவர். கல்யாணமான புதிதில் அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசியபோது வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“மாமா, உங்க கை என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு?”

அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. “ரத்த ஓட்டம் கம்மிம்மா” என்றார், புகார் கொடுப்பதைப் போல. அவருக்கு அப்படி ஒரு குறை இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

இவ்வளவு தாராளமான கைக்கு வாய்த்தது, எதையும் வெறும் கையால் தொடக் கூடாத வேலை. சிகரெட் பாக்கெட்டின் வாயில் ஒட்டியிருக்கும் வரி ஸ்டாம்பை அச்சடிக்கும் இடத்தில் அண்ணி வேலை பார்க்கிறார். வரி கட்டாமல் கடத்தி வரும் சரக்குக்கும் போலிச் சரக்குக்கும் அதே மாதிரி ஸ்டாம்பு அடித்து ஒட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் அசல் ஸ்டாம்பின் மையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைத் துளியூண்டு கலந்துவிடுகிறார்கள். ஊதா விளக்கைக் காட்டினால் மட்டும் அது ஒளிரும். போலிக்காரர்கள் இதையும் ஒருநாள் கற்றுக்கொண்டுவிடுவார்கள் அல்லவா? அதற்காக, அதற்கும் அடியில் இன்னொன்று உண்டு. அது எந்த விளக்குக்கும் மசியாது. கைக்கு அடக்கமான ஒரு கருவி மட்டும் அதை அடையாளம் கண்டு ‘கீச்’ என்று குரல் கொடுக்கும். அந்தக் கருவியோடுதான் அதிகாரிகள் கடை கடையாகப் போய்ச் சோதிக்கிறார்கள்.

“மேல இருக்கிறது ஊருக்கு, உள்ள இருக்கிறது எங்களுக்கு” என்று அண்ணி இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

கையுறையும் நீளமான கோட்டும் மாட்டிக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்து, இயந்திரத்திலிருந்து வரும் தாள்களை ஊதா விளக்கின் கீழே பிடித்து, அந்தத் தெரியாத மை எல்லா ஸ்டாம்பிலும் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, பரீட்சை எழுதி முடித்தவரைப் போல நிற்பார். இருட்டறையில் அவருக்கு வேறு சில ஞானங்களும் கிடைத்திருக்கின்றன. சோப்புத்தூளில் சேர்க்கும் வெளுப்புச் சரக்கு அந்த விளக்கில் நீலமாக எரியுமாம்.

“புதுசா சேர்ந்த பொண்ணு துணியைச் சரியா அலசறதே இல்ல தம்பி. உள்ள வந்தா டியூப்லைட் நடந்து வர்ற மாதிரி இருக்கா.”

அன்றிலிருந்து என் வீட்டிலும் துணிகளுக்குக் கூடுதலாக ஓர் அலசல் கிடைக்கிறது.

சிகரெட்டுக்காக வேலை பார்க்கிறீர்களே என்று யாராவது குத்தலாகக் கேட்டால் அண்ணிக்குக் கோபம் வராது. “நான் என்ன ஊதச் சொல்றேனா? ஊதறது அசலா போலியான்னு பார்க்கிறேன். நெஞ்சுக்கு ரெண்டும் கேடுதான். போலியில வரியும் சேர்ந்து போகுது” என்று கேட்டவர் கையில் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒளிரும் நிறம் எது என்பதை வெளியே சொல்லக் கூடாது. வேலையில் சேரும்போது கொடுத்த வாக்கு அது. ஊர்க்கதை முழுவதும் பேசும் அண்ணி இதில் மட்டும் கல். என் மகள் பல நாளாக முயன்று பார்த்தாள்.

“பெரியம்மா, பச்சையா?”

“இருக்கலாம்.”

“அப்ப மஞ்சளா?”

“அதுவும் நல்ல கலர்தான்.”

போன மாதம் அந்த மகளுக்குப் பிறந்தநாள். சக்கரம் வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு சறுக்கி விளையாடும் ஓர் அரங்கத்தில் கொண்டாட வேண்டும் என்று அடம்பிடித்துச் சாதித்துவிட்டாள். அவளையும் அவள் தோழிகளையும் கூட்டிக்கொண்டு அண்ணி முன்னால் போய்விட்டார். அண்ணனும் அப்பாவும் என் மனைவியும் நானும் கேக்கோடு பின்னால் போய்ச் சேர்ந்தோம். அண்ணி வழக்கம்போல எல்லோரையும் தட்டி, அணைத்து, கன்னம் கிள்ளி வரவேற்றார். சற்று நேரத்தில் அரங்கத்தில் வேலை பார்க்கும் பெண் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு ஊதா விளக்குகளைப் போட்டாள். பிள்ளைகள் கத்திய கத்தலில் கூரை பறந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் நீலமாக எரிந்தன.

“சோப்புத்தூள், எல்லாம் சோப்புத்தூள்” என்று அண்ணி பெருமையோடு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் கவனித்தது என் மனைவிதான். என் தோளில் நான்கு விரல்கள் வேறொரு நிறத்தில் பளிச்சென்று பதிந்திருந்தன. திரும்பிப் பார்த்தால் அவள் கன்னத்தில் ஒரு கிள்ளல். மகளின் தலைமுடியில், கேக் பெட்டியின் மூடியில், அப்பாவின் இரண்டு கைகளிலும் அதே நிறம். சறுக்கும் தளத்தைச் சுற்றியிருந்த வேலிக்கம்பியைப் பிடித்து நின்ற, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் முதுகில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு முழுக் கை. யார் யாரைத் தொட்டது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணன் தன் சட்டையை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, “ஊருக்கெல்லாம் வாரி விட்டிருக்கா. கட்டினவனுக்கு ஒரே ஒரு விரல்” என்றார்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை முழுக்க ஒளிர்ந்தது.

“யாரும் போட்டோ எடுக்காதீங்க” என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அரங்கத்துப் பெண்ணிடம் சொல்லி வெள்ளை விளக்கைப் போட வைத்தார்.

அண்ணன் கிட்டே போய், “என்ன ஆச்சு?” என்றார்.

“அந்தக் கலருங்க. எப்படியோ வெளிய கொண்டாந்துட்டேன்.”

ஒரு கையுறையை மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுபோன ஆளையே வேலையை விட்டு அனுப்பிய இடம் அது. அண்ணிக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். இருட்டறைக் கதைகள் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்ததில்லை.

“யாருக்குத் தெரியப்போகுது? வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவிக்கலாம், விடு” என்றார் அண்ணன்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே” என்று சொல்லிவிட்டு அண்ணி கைபேசியை எடுத்தார்.

அழைத்தது அச்சகத்தின் பாதுகாப்புத் தலைவரை. அங்கே அவருக்குப் பெயர் பூட்டு. வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லையாம். “வர்றேன்” என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்தது. அண்ணி ஒரு பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். கட்டிக்கொள்ள ஓடிவந்த என் மகளிடம், “தொடாதடா கண்ணு” என்று விலகினார். கையை அசைக்காமல் அவர் பேசியதை அன்றுதான் பார்த்தேன். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்பா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லாந்து கிடந்த ஒரு கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். “எனக்குத்தான் ஏற்கெனவே ஒட்டிக்கிச்சே” என்றார்.

வீட்டில் போடும் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பூட்டு வந்து சேர்ந்தார். காய்கறி வாங்கும் துணிப்பைக்குள்ளிருந்து கருவியை எடுத்தார். வேலிக்கம்பிக்காரர் உட்பட எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, என் தோள், மனைவியின் கன்னம், மகளின் தலை, கடைசியில் அண்ணியின் உள்ளங்கை என்று ஒவ்வோர் இடமாகக் கருவியைக் காட்டினார். அது வாயே திறக்கவில்லை.

“ஒண்ணு, இது நம்ம சரக்கு இல்ல. இல்லாட்டி கருவி செத்துப்போச்சு” என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். “அசல் ஒண்ணைக் காட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிடும். யார்கிட்டயாவது சிகரெட் பாக்கெட் இருக்கா?”

குழந்தையின் பிறந்தநாளுக்கு வந்த இடத்தில் யாரிடம் இருக்கும்? அக்கம்பக்கத்தில் கடையும் இல்லை. எங்காவது போய் வாங்கி வருகிறேன் என்று நான் கிளம்பியபோது அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

அண்ணன் சிகரெட்டை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. புகை பிடிக்கும் ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் அண்ணி இதைச் சொல்லி, “அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க” என்று முதுகில் தட்டியிருக்கிறார். அந்த அண்ணன் இப்போது அண்ணியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். குனிந்தார். கால்சட்டையைத் தூக்கி, காலுறைக்குள் விரலை விட்டு, நசுங்கிப்போன ஒரு பாக்கெட்டை வெளியே எடுத்துப் பூட்டின் கையில் வைத்தார். முழங்கால் வலிக்கிறது, சறுக்கும் ஷூ வேண்டவே வேண்டாம் என்று அதுவரை அவர் பிடித்த பிடிவாதத்தின் காரணம் எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

கருவி ‘கீச்’ என்றது.

“அசல்” என்றார் பூட்டு. “கருவி நல்லா இருக்கு. உங்க கையில இருக்கிறது நம்மளது இல்லம்மா.”

“அப்ப இது என்ன சார்?”

எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அரங்கத்துப் பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். “அக்கா, அது நான் வச்ச முத்திரைக்கா. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற ஆளு கையில வைப்போம். போகும்போது லைட்டுல காட்டினாத்தான் பிள்ளைங்களை அனுப்புவோம். சொல்லிக்கிட்டேதான் வச்சேன். நீங்க என் கம்மலைப் பத்திக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

மிச்சத்தையும் அவளே சொன்னாள். கையில் எதுவும் தெரியவில்லை என்றதும் அண்ணி, “உன் மை தீந்துபோச்சும்மா, நல்லா அழுத்து” என்று திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னாராம். அப்படியும் தெரியாமல் போகவே, ஏதாவது வருகிறதா என்று இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்தும் பார்த்தாராம். கண்ணுக்குத் தெரியாத மையோடு நாள் முழுக்க வாழ்பவருக்கு, வெளியே ஒரு மை தெரியவில்லை என்றால் அது தீர்ந்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கிறது.

அண்ணிக்கு முதலில் ஒரு விக்கல் வந்தது. அது சிரிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கத்திலிருந்த அப்பாவின் முதுகில் ஓர் அடி விழுந்தது. அப்பா இருமிக்கொண்டே சிரித்தார்.

“பெரியம்மா, கலரைக் கண்டுபிடிச்சிட்டேன்” என்று என் மகள் கத்தினாள்.

அதுவும் உண்மைதான். பூட்டு தலையைச் சொறிந்தார். “நீங்க பதறின பதறல்ல இந்த ஹாலுக்கே தெரிஞ்சுபோச்சு. போகட்டும், மேல இருக்கிறதுதானே? அடுத்த தடவை அடிக்கும்போது மாத்திடறோம்.” சொன்னபடி மாற்றியும்விட்டார்கள். பழைய நிறமானாலும் அதை இங்கே எழுதக் கூடாது என்பது அண்ணியின் உத்தரவு.

ஊதா விளக்குகள் மறுபடி எரிந்தன. கேக் துண்டோடு நின்ற பூட்டு எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். எல்லோர் பற்களும் பளபளத்த அந்த வெளிச்சத்தில் அவருடைய முன்பற்கள் இரண்டு மட்டும் கறுப்பாக இருந்தன. கட்டிய பல் ஊதா விளக்கில் ஒளிராதாம். இருட்டறைப் பக்கம் அவர் வாய் திறக்காத ரகசியம் அதுதான். சட்டென்று அவர் உதட்டை மூடிக்கொண்டார். என் மகள் தன் வாயை அகலத் திறந்து, போன வாரம் பல் விழுந்த பொந்தைக் காட்டி, “எனக்கும்தான்” என்றாள். பூட்டு மறுபடியும் சிரித்தார். இந்த முறை மூடிக்கொள்ளவில்லை.

அண்ணன் மட்டும் பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். அண்ணி அதை வாங்கினார். பழக்க தோஷத்தில் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் விழுந்திருக்கு” என்றார். பிறகு, “எத்தனை நாளா?”

“நாளைக்கு ஒண்ணுதான். சில நாள் அதுவும் இல்ல.”

“எத்தனைன்னு கேட்கல. எத்தனை நாளான்னு கேட்டேன்.”

“விடவே இல்ல” என்றார் அண்ணன்.

 பூட்டு பாக்கெட் கேட்டபோது அண்ணன் பேசாமல் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும். அண்ணி, யாரும் எடுத்து வேறு பாக்கெட்டில் ஒட்டிவிடாதபடி ஸ்டாம்பைக் குறுக்கே கிழித்து, பாக்கெட்டைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அரங்கத்துப் பெண்ணிடம் அண்ணனின் கால் அளவைச் சொல்லி ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தார். அண்ணனைப் பெஞ்சில் உட்காரவைத்து, தானே கீழே மண்டியிட்டு, “காலை நீட்டுங்க” என்று சொல்லி, கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். அது போதாதென்று இன்னொரு முடிச்சும் போட்டு இறுக்கினார்.