எக்சைஸ்காரன் காய்ச்சிய கிராப்பா

எங்கள் தெருவில் இலைகள் நிறம் மாறும் கிழமைகளில் வீட்டுக்கு வீடு மரப்பெட்டிகளில் திராட்சை வந்து இறங்கும். எழுபதுகளின் நடுவில் நான் ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருடம் அதைக் கண்டு, இத்தாலியர்கள் பழம் விரும்பித் தின்கிற சனம் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். கொஞ்ச நாளில் என் நிலக்கீழ் அறைக்குள் ஒரு மணம் இறங்கியது. படுத்திருந்தவன் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். அது புளிக்கிற கோடாவின் மணம். சாராயம் காய்ச்சுவதற்காக ஊறப்போடும் கரைசலை எங்கள் பக்கத்தில் கோடா என்பார்கள். அந்த மணத்தைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் இலங்கை அரசாங்கம் எனக்கு வருடக்கணக்காய்ச் சம்பளம் தந்தது. யாழ்ப்பாணத்தில் நான் மதுவரி இலாகா உத்தியோகத்தன், சனத்தின் வாயில் எக்சைஸ்காரன்.

வீட்டுக்காரர் பெயர் பியத்ரோ. கட்டட வேலை செய்து காய்த்துப்போன கைகள், அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல். அவரும் மனைவியும் நடுத்தளத்தில், மேலே ஒரு குடித்தனம், கீழே நான். திராட்சையிலிருந்து வைன் செய்வது இந்த நாட்டில் குற்றமில்லை. அதன் சக்கையைக் காய்ச்சி இறக்குவதுதான் குற்றம். அப்படி இறக்குவதற்கு அவர்கள் கிராப்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொதிகலனுக்குப் பின்னால் கம்பளி போர்த்து ஒரு செப்புப் பானை இருந்ததைக் அந்த மணம் வந்த அன்றே கண்டுவிட்டேன். கண்டும் வாயைத் திறக்கவில்லை. சம்பளம் தராத அரசாங்கத்துக்கு நான் எதற்கு வேலை செய்ய வேண்டும்?

அந்த மார்கழியில் மனைவி சரசுவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் விசா கிடைத்தது. சித்திரையில் வருவார்கள். மேல்தளம் அதற்குமுன் காலியாகும் என்றும், அதை எனக்குத் தரலாம் என்றும் பியத்ரோ அரைமனதாய்த் தலையாட்டியிருந்தார். அதை முழுமனதாக்க யாழ்ப்பாணத்தான் எவனும் செய்கிற காரியத்தைச் செய்தேன். என் அரசாங்க உத்தியோகத்தைச் சொன்னேன். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அரசாங்கத்தில், மேய் என்று சொல்லி வளர்க்கப்பட்ட சனம் நாங்கள். எனக்குச் சரசுவைத் தந்ததே அந்த வேலைக்காகத்தான், என் முகத்துக்காக இல்லை என்று அவளே பலதடவை சொல்லியிருக்கிறாள். ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வாளிக்குக் கைபிடி பூட்டுகிற என்னை விட, காக்கி உடுப்புப் போட்ட ஒருவனுக்கு வீடு தர யாரும் விரும்புவார்கள் என்று எண்ணினேன். ஜீப்பில் போனது, பானைகளை உடைத்தது, ஆட்களைக் கோட்டில் நீதவான் முன் ஏற்றியது எல்லாவற்றையும் கையாலும் காலாலும் நடித்துக் காட்டினேன்.

"யூ, போலீஸ்," என்றார் பியத்ரோ. அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

"நோ, நோ. அல்கஹோல் ஒன்லி," என்று நான் அவரைத் தேற்றினேன்.

அடுத்த நாள் கொதிகலனுக்குப் பின்னால் பானை இல்லை. கம்பளியும் இல்லை. மேல்தளத்துக்கு மகளும் மருமகனும் வருகிறார்கள், நிலக்கீழ் அறையும் அவர்களுக்குத் தேவைப்படும், குளிர் முடிய வேறு இடம் பார்க்கவும் என்று சொல்லிவிட்டார். பியத்ரோவுக்குப் பிள்ளைகளே இல்லை.

வீடு தேடி அலைந்தேன். யன்னலில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கும். மணியை அடித்தால் கதவு ஒரு சாண் திறக்கும், என் முகத்தைக் காணும், இப்போதுதான் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிச் சாத்திக்கொள்ளும். திரும்பிப் பார்த்தால் அட்டை அப்படியே தொங்கும். பிள்ளைகளைக் கூட்டிவந்து இந்தக் குளிரில் எங்கே நிறுத்துவேன்? வாய் கொழுத்தால் வீடும் இல்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பிறகு ஆறுதலாக இருந்து யோசித்தேன். நான் அரசாங்கத்து ஆள் இல்லை என்று பியத்ரோவிடம் சத்தியம் செய்யலாம். அரசாங்கத்து ஆளும் அதைத்தான் செய்வான். காய்ச்சி இறக்குகிற குற்றத்தை நானே செய்தால் மட்டும்தான் அந்த மனிதன் நம்புவான் என்ற முடிவுக்கு வந்தேன்.

தொழிற்சாலையில் கழித்துவிட்ட வாளி ஒன்றில் உலர்ந்த திராட்சையும் சீனியும் ஈஸ்டும் ஊறப்போட்டேன். அது புளித்ததும், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பியத்ரோ வீட்டில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சமையல் பானை ஒன்றுக்குக் குழாய் பூட்டி அடுப்பில் ஏற்றினேன். சாமான்களை எப்படி அடுக்குவது என்பது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பானை எங்கே, குழாய் எங்கே, குளிர்நீர் எங்கே என்று கூண்டில் ஏறி எத்தனை தரம் சாட்சி சொல்லியிருப்பேன்! மூட்டுகளில் ஆவி போகாமல், ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரி மா குழைத்து அப்பினேன். எனக்குத் தெரியாத சங்கதி ஒன்றே ஒன்றுதான். நெருப்பு. என் உத்தியோகத்தில் நான் கண்டதெல்லாம் அணைந்த அடுப்பு. ஜீப் சத்தம் கேட்டதும் காய்ச்சுகிறவர்கள் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பனைகளுக்குள்ளால் ஓடிவிடுவார்கள். நாங்கள் போய்ச் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று எழுதிக்கொள்வோம். எவ்வளவு சூடு என்று எந்த நீதவானும் கேட்டதில்லை. ஆகவே அடுப்பை முழுக்கத் திறந்துவிட்டேன்.

மா பிய்த்துக்கொண்டு பறந்தது. திராட்சை அடிப்பிடித்து, பிணம் எரிகிற நாற்றம் வீடு முழுக்க ஏறியது. பியத்ரோ படிகளில் விழுந்தெழும்பி ஓடிவந்தார். பானையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், முழங்கை வரை மாவோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"மை ஃபர்ஸ்ட் டைம்," என்றேன்.

அவர் எட்டி அடுப்பைக் குறைத்தார். நெருப்பு இவ்வளவுதான் என்று சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். வாளியில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். உலர்ந்த திராட்சையா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டியதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். செய்த குற்றம் அவரை உறுத்தவில்லை, பழம்தான் உறுத்தியது.

அடுத்த சனிக்கிழமை செப்புப் பானை திரும்பி வந்தது. பியத்ரோ என்னை முக்காலியில் இருத்தி அடுப்பைக் காவல் காக்க விட்டார். முதலில் இறங்கிய கோப்பையைத் தொட்டியில் ஊற்றினார். எங்கள் ஊரில் அந்த நஞ்சைக் கீழே ஊற்ற மனம் வராதவர்களால் கண் போன ஆட்களை எனக்குத் தெரியும். அதனால் அவர்மேல் மரியாதை வந்தது. பிறகு இறங்கியதில் ஒரு சின்னக் கிளாஸ் நிறைய வார்த்து என்னிடம் நீட்டிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் முட்டைகூட அவிக்காத சைவம். முருகா என்று சொல்லி விழுங்கினேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. இருமி முடித்து நிமிர்ந்தபோது மேல்தளத்துக் கதவுப் பூட்டின் திறப்பு என் மடியில் கிடந்தது. மகளையும் மருமகனையும் பற்றி நான் விசாரிக்கவில்லை.

சித்திரையில் சரசு வந்தாள். பெட்டியைத் திறந்து, சீலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த கண்ணாடி போட்ட படத்தை எடுத்தாள். காக்கி உடுப்பும் தொப்பியும் கையில் பிரம்புமாக நான். நான் இல்லாத காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அப்பா என்று காட்டி வளர்த்தது அந்தப் படத்தைத்தான். அதை வைக்க வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? முன்னறையில் ஒரு சுவர்த்தட்டுக்கு மேலே மாட்டினாள்.

அன்று பின்னேரம் பியத்ரோ எங்களை வரவேற்கப் போத்தலோடும் கிளாஸுகளோடும் மேலே வந்தார். படத்தின் முன்னால் நின்றுவிட்டார். திரும்பி, சாரமும் பெனியனுமாக நின்ற என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மறுபடி போலீஸ் என்று எண்ணிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஆறுதலாக மூன்று கிளாஸ் வார்த்தார். ஒன்றை என் கையில் தந்தார். ஒன்றைத் தான் எடுத்தார். மூன்றாவதைப் படத்துக்கு நேர் கீழே தட்டில் வைத்து, காக்கி உடுப்புக்காரனைப் பார்த்து, நலமாயிரு என்கிற பொருளில் "சலூத்தே" என்றார்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சரசு வந்து, படத்தடியில் கிளாஸைக் கண்டு அப்படியே நின்றாள். ஒருவர் செத்து எட்டாம் நாள், அவர் விரும்பிச் சாப்பிட்டதையும் குடித்ததையும் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். அதைத் தவிர வேறெதற்கும் நாங்கள் படத்தடியில் சாராயம் வைப்பதில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "உயிரோடை இருக்கிற மனிசனுக்கு உவர் ஏன் படைக்கிறார்? எடுக்கச் சொல்லுங்கோ."

பியத்ரோ ஒன்றும் விளங்காமல் அவளுக்கும் கிளாஸை உயர்த்திச் சிரித்தார். நான் படத்திலிருந்தவனைப் பார்த்தேன். அவனாக இருந்தால் இந்நேரம் போத்தலை உடைத்து, பியத்ரோவின் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியிருப்பான்.

"விடும், சரசு," என்றேன். "படத்திலை நிக்கிற அந்த எக்சைஸ்காரனுக்குப் படைக்கிறதுக்கு வேறை ஆர் இருக்கினம்?"