குந்தக் கூடாத இடுப்பு

ஜெயசெல்விக்குப் பிறந்ததிலிருந்தே இடது இடுப்பு சரியில்லை. மத்திகிரியில் எங்கள் வரிசை வீடுகளில் அவளுக்குப் பெயரே நொண்டி செல்விதான். அந்தக் காலை வைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் என்னோடு ஒரே கம்பெனியில் நின்றுகொண்டே வயர் கட்டினாள். கான்ட்ராக்ட் வேலை.

போன வருடம் வலி தாங்க முடியாமல் போனது. பெங்களூரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர், வழக்கமாக வைக்கும் செயற்கை மூட்டு எதுவும் அவளுடைய எலும்புக்குப் பொருந்தாது என்றார். அவளுக்கென்றே அளவெடுத்து ஒன்று செய்து வைத்தார்கள். ஊரில் யாருக்கும் இல்லாத சாமான் என்று அவள் புருஷன் யேசுராஜ் பீற்றிக்கொண்டான்.

பெருமையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. குந்தவே கூடாது, மூட்டு நழுவிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வரிசைக்கோ பொதுவாக ஒரே கக்கூஸ், குந்தித்தான் ஆக வேண்டும். வெஸ்டர்ன் வைக்க ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை. யேசுராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டான். முன்னால் அவள் வாக்கரில் போக, பின்னால் அவன் அதைத் தூக்கிக்கொண்டு போவான். வரிசையே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். வெட்கத்தில் அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது, பிறகு அதுவும் போனது. வாழ்நாளில் முதல் முறையாக நேராக நடந்தாள். சர்ச்சுக்குப் போய், முழங்கால் போட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே அழுதாள். வேலைக்குத் திரும்பிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றாள்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது கேட்டுக்குள் ஒவ்வொருவரும் குந்தி எழ வேண்டும். கான்ட்ராக்டருக்கு அதுதான் உடம்புப் பரிசோதனை. முன்பெல்லாம் ஜெயசெல்வி நல்ல காலில் பாரம் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். இந்த முறை கான்ட்ராக்டரின் ஆள் ஹரீஷ்குமாரிடம் டாக்டர் சீட்டை நீட்டினாள்.

"நின்னு செய்ற வேலைதானே சார். நாள் பூரா நிப்பேன். குந்த மட்டும் கூடாதுன்னாங்க."

"சீட்டெல்லாம் வேணாங்க்கா. குந்தி எந்திரிச்சிட்டு உள்ள போங்க."

அவன் நாசமாய்ப் போக. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கப் பார்த்தாள்.

"வேணாண்டி செல்வி," என்றேன். நிமிர்ந்துவிட்டாள்.

"நெக்ஸ்ட்," என்றான் அவன்.

அடுத்தது நான். குந்தி எழுந்தேன்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் எல்லப்பனுக்கு நடந்தது தெரியாது. "என்னா செல்வி, நொண்டாம நேரா நடக்குற," என்று வாய் நிறையச் சிரித்தார்.

"ஆமாண்ணா," என்று அவள் சொன்னது, உள்ளே போகத் திரும்பிய என் காதில் விழுந்தது. "நொண்டுனப்ப உள்ள போனேன். இப்ப நேரா நடந்து வெளிய போறேன்."