பாவுலு மாவோடு லா ஷப்பலில்

மகளின் பாரிஸ் வீட்டு ஓவன் திடீரென்று அணைந்துவிட்டது. மாலையில் அவள் புகுந்த வீட்டார் முதன்முறையாகத் தீபாவளிக்கு வருகிறார்கள். அடித்த மாவைக் கிண்ணத்தோடு அணைத்துக்கொண்டு ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருவில் ஓடுகிறேன். மலேசியாவில் பெருநாளுக்கு நாங்கள் சுடும் பாவுலு, உள்ளங்கையில் அடங்கும் பூப்போன்ற கேக். கிள்ளானிலிருந்து கொண்டுவந்த பித்தளை அச்சோடு மகள் பின்னால் வருகிறாள்.

முதல் கடையில் ஓவன் தர முடியாது என்கிறார்கள். அடுத்தது இறைச்சி ரோல்ஸ் விற்கும் கடை. கடைக்காரர் கிண்ணத்தை எட்டிப் பார்க்கிறார்.

"என்னக்கா, கேக்கோ? சோடா போட்டனீங்களோ?"

"இல்ல தம்பி, வெறும் முட்டை நுரைதான். அமுங்கிக்கிட்டே இருக்கு."

"அப்ப ஏன் இஞ்சை நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ!"

தன் பணிஸ் பன் தட்டை ஓவனிலிருந்து வெளியே இழுத்துவிட்டு இடம் தருகிறார். அச்சைச் சூடாக்கி மாவை ஊற்றி உள்ளே வைக்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் விளிம்புகள் சிவக்கின்றன, நடுப்பகுதி எழவேயில்லை. கடைக்காரர் ஓவன் கதவில் கைவைக்கிறார்.

"திறக்காதீங்க, அமுங்கிடும்!" அவர் கையைப் பிடித்துவிடுகிறேன்.

அவர் அசையாமல் நிற்கிறார். மெல்ல, ஒவ்வொரு குழியிலும் மாவு உப்புகிறது.

"எழும்பிட்டுதக்கா!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்துகிறார்.

வெந்ததை அள்ளிக்கொண்டு மகள் வீட்டுக்கு ஓடுகிறாள். நான் அடுத்ததை ஊற்றுகிறேன்.