கருப்புப் பட்டையும் துக்க விசாரிப்பும்

இந்த ஜெர்மன்காரர்கள் இருக்கிறார்களே, கையில் கருப்புத் துணியைக் கட்டிக்கொண்டு போனால் துக்கம் விசாரிக்கிறார்கள்! போன மாதம் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு அப்படிப் போனேன். வாசலிலேயே ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து "மைன் பைலைட்" என்றாள். ஆழ்ந்த அனுதாபமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நான் கட்டியது யூசுப்புக்காக. எங்களோடு பெட்டி கட்டும் பிரிவில் இருப்பவன், போருக்குத் தப்பி வந்தவன். அவனுடைய அகதி மனுவை அரசு தள்ளிவிட்டது. நாடு கடத்தப் போகிறார்கள். இதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது, வேலையிடத்தில் அரசியல் வேண்டாம் என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியிருந்தது. எனக்கோ இன்னும் தகுதிகாண் காலமே முடியவில்லை. வேலை போனால் விசாவும் போய்விடும்.

பள்ளிபாளையத்தில் வளர்ந்தவளுக்குக் கருப்புப் பட்டை என்றால் போராட்டம்தான், வேறென்ன? அம்மா அங்கே நூல்மில்லில் வேலை பார்த்தவள். அரசு தொழிலாளர் சட்டத்தை மாற்றியபோது பட்டை கட்டிக்கொண்டு மெசினுக்குப் போனாள். சூப்பர்வைசர் தடுத்தார். "ஏனுங்க, பட்டை கட்டுனா நூலு அறுந்துருமுங்களா?" என்று கேட்டாள். வெளியே அனுப்பிக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். வாரக்கணக்கில் வேலையில்லை, ஆனாலும் அவள் அசையவில்லை. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

மதியம் ஷெஃப் வந்தார். இங்கே மேலாளரை அப்படித்தான் சொல்வார்கள். நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தி, "உங்கள் வீட்டில் யார் தவறிவிட்டார்கள்? இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். தலையாட்டியிருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும். மனசு வரவில்லை.

"யாரும் சாகவில்லை. யூசுப்பை அனுப்பக் கூடாது என்று கட்டியிருக்கிறேன். எங்கள் ஊரில் இது அதற்குத்தான்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்படியென்றால் கழற்றுங்கள்."

"மாட்டேன்."

அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாளையும் இப்படி வந்தால் வேலை கிடையாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"கழட்டிட்டியா?"

"இல்லம்மா."

"அப்படிச் சொல்லு! எம்புள்ளையாச்சே நீயி. தொரத்துனாங்கன்னா ஊட்டுக்கு வந்துரு சாமி. ஊடு எங்கயும் போயிறல."

பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே யூசுப்பின் நினைப்பும் வந்தது. அவனிடம் இப்படிச் சொல்ல எந்த ஊரிலும் யாரும் மிச்சமில்லை.

மறுநாள் பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்த நாட்டில் வாழ எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் போகச் சொன்னால் போக எனக்கு ஓர் ஊர் இருக்கிறது. அந்தத் தெம்பில், போக ஊரில்லாதவனுக்காகத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன்.