பசை பூசிய கண்ணாடி

எங்கள் மகள் நீரடியில் மூழ்கிப் பணி செய்யும் சுழியோடி. கடலோரக் களப்பின் அடியிலுள்ள கடற்புல் வெளிகளைக் கணக்கெடுக்கும் பணிக்கு ஆள் தேர்கிறார்கள் என்று அறிந்த நாளிலிருந்து, கரைத்தீவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கற்பிட்டிக்குப் பயிற்சிக்காகப் போய்வந்துகொண்டிருந்தாள். தேர்வுக்கு முதல்நாள் நண்பகலில் தொலைபேசியில் அழைத்தாள்.

"வாப்பா, என்ட புதுக் கண்ணாடியில ஃபெக்டரிப் பூச்சு ஒண்டு இருக்கு. உள்பக்கம் பேஸ்ட் பூசி வைங்க, நான் வந்து தேய்ச்சுக் கழுவுறன். இல்லாட்டி நாளைக்குத் தண்ணிக்குள்ள மூச்சு விட்டதும் புகை மூடின மாதிரி ஆயிடும்."

சுழியோடும்போது அணியும் அந்த முகக்கண்ணாடி அவளுடைய கிட்டப்பார்வைக்கென்றே அளந்து செய்வித்தது. பழையது வெடித்துப் போயிருந்தது. பிறருடையதை இரவல் வாங்கினாலும் பயனில்லை. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் அவளுக்குத் துலங்காது. நீரடியில் காண்பது எந்தப் புல், எந்த உயிர் என்று இனங்கண்டு சொல்வதுதான் தேர்வே.

லுஹர் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நான், அப்பணியை மனைவியிடம் ஒப்படைத்தேன். இயன்றவரை பிறமொழி கலவாது பேசுவது என் வழக்கம். "மகளுடைய கண்ணாடியின் உட்புறம் பசை பூசிவைக்க வேண்டுமாம்" என்றேன்.

பல் துலக்குவது எங்கள் வீட்டுப் பேச்சில் என்றைக்கும் பேஸ்ட்தான். பசை என்றால், கிழிந்த நூல்களை ஒட்டுவதற்காக என் மேசைமேல் நிற்கும் கோந்துப் போத்தல். அவள் அதைத்தான் எடுத்திருக்கிறாள். தூரிகை கொண்டு, விளிம்புவரை, சிறு இடமும் விடாமல் பூசி, வெயிலில் உலரவும் வைத்துவிட்டாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் வந்த மகள் கண்ணாடியைக் கையிலெடுத்ததும் திகைத்து நின்றாள். மஞ்சள் நிறப் படலமொன்று அதில் இறுகியிருந்தது.

"உம்மா! இதென்ன பூசினீங்க?"

"பசை. உங்க வாப்பாதானே சொன்னாரு."

"பசையா? நான் பேஸ்ட் எண்டுதானே சொன்னன்! பல்லுத் தீட்டுற பேஸ்ட்!"

மனைவி என் பக்கம் திரும்பினாள். "பேஸ்ட் எண்டு சொன்னா உங்கட நாக்கு சுட்டுடுமா?"

"பற்பசை என்றிருக்க வேண்டும். ஒரு சொல் குறைந்துவிட்டது" என்றேன்.

"ஒரு சொல்லா? என்ட வேலையே போகப் போகுது, வாப்பா" என்றாள் மகள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

விரைந்து இறுகும் வன்பசை எதையும் வாங்கிவைக்காமல், நீரில் கரையும் கோந்தோடு என்னை மனநிறைவு கொள்ளச் செய்த இறைவனுக்கு அன்று மாலை பன்முறை நன்றி சொன்னேன். இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்ததும் படலம் வழுக்கிக் கழன்றது. ஆனால் கண்ணாடியும் றப்பரும் சேரும் இடுக்கில் ஒட்டியது விடவில்லை. மகள் ஊசியைத் தேடினாள்.

"ஊசி வேணாம், றப்பர் கிழிஞ்சிடும்" என்று மனைவி தடுத்து, அலுமாரியைத் திறந்து தன் சுர்மாக் குச்சியை எடுத்துவந்தாள். கண்ணுக்கு மை தீட்டுவதற்கென்று முனை மழுக்கிச் செய்த குச்சி அது. அதில் பஞ்சைச் சுற்றி, குழந்தையின் விழியோரம் தொடுவதுபோல் இடுக்கு முழுவதும் ஓட்டினாள். குச்சி போன வழியெல்லாம் கோந்து பஞ்சோடு வந்தது.

அதன்பிறகே உரிய பற்பசை. மகள் விரல்நுனியால் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, மூச்சை ஊதினாள். மங்கியது. மீண்டும் தேய்த்தாள். அடுத்த முறை ஊதியபோது மங்கல் நொடியில் கலைந்து, கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய சிரிப்புத் தெரிந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பேஸ்ட் நல்ல சொல்" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் தொழுகைப்பாயை விரித்தவனுக்கு, தொழத் தொடங்குமுன் மனத்தில் கொள்ளும் நிய்யத்தே தடுமாறிற்று.

மறுநாட் காலை களப்பின் கரையில் நானும் மனைவியும் நின்றோம். நீர்மேல் குமிழிகள் எழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் மேலே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, உடன் மூழ்கி எழுந்த தேர்வாளரிடம் புற்களின் பெயர்களைச் சிங்களத்தில் அடுக்கினாள். இறுதியாக, ஒரு புல்லின் அடித்தண்டை வாலால் பற்றியிருந்த, சுண்டுவிரலளவும் இல்லாத கடற்குதிரையொன்றைச் சொன்னாள். தாம் அதைக் காணவில்லை என்று தேர்வாளர் மறுபடி நீரில் இறங்கினார். எழுந்து வந்ததும் தலையை அசைத்து, "ஹொந்தாய்" என்றார்.

"நல்லமாம்" என்றாள் என் மனைவி, என் கையை இறுகப் பற்றிக்கொண்டு.