தலையணைக்கடியில் ஒளித்த பம்ப்

பிள்ளைகளே, போன வருடம் எனக்குத் தோளில் ஒப்பரேஷன் நடந்ததே, அதில் உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அப்பா பொய் சொன்ன கதை அது.

கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி வார்ட். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒருகொடவத்தைக் கொண்டெய்னர் யார்டில் எனக்குப் பிறகு வேலைக்கு வந்து, எனக்கு முன்னே சூப்பர்வைசர் ஆனவர். தோள் ஒப்பரேஷனிலும் என்னை ஒரு நாள் முந்திவிட்டார். கழுத்தடியில் நரம்பு மரக்க ஊசி போட்டு, எல்லாம் முடித்து அவரைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னும் ஒப்பரேஷன் ஆகாத நான் தோள் நோவில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவர் ஒரு முனகல்கூட இல்லாமல் கண்ணை மூடி ராஜா மாதிரிப் படுத்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதே ஊசி எனக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்து, "வீசிங், மூச்சிழுப்பு ஏதும் இருக்கா ஐயா?" என்று கேட்டார். வீசிங்காரருக்கு அந்த ஊசி போட யோசிப்பார்கள் என்று வார்ட்டில் கதைத்தது என் காதில் விழுந்திருந்தது. மூச்சிழுத்தால் வாயில் அடிக்கிற பம்ப்பைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு, "இல்லை டொக்டர்" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் சும்மா இருக்கவில்லை. "பொய், டொக்டர். கொண்டெய்னரைத் திறந்து தூசு கிளம்பினா, அண்ணை பம்ப்போட வெளியில ஓடுறவர்."

"உமக்கென்ன? உம்மட தோளைப் பாரும்!" என்று சீறினேன். இங்கேயும் என்னை மட்டம் தட்டுகிறாரே என்றுதான் நினைத்தேன்.

டொக்டர் கோபிக்கவில்லை. "கழுத்தில போடுற ஊசி, மூச்சு விடுற தசையையும் ஒரு பக்கம் கொஞ்ச நேரத்துக்கு மரக்கப்பண்ணும். உங்கட நெஞ்சு தாங்காது. ஸ்கேனில பார்த்து, வேற இடத்தில, மருந்தைக் குறைச்சுப் போடுவம்." அப்படியே செய்தார்.

ஒப்பரேஷன் முடிந்து பின்னேரம் எனக்கு நோவு கொஞ்சம் இருந்தது. மூச்சு முழுசாக இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. "நீர் மட்டும் சுகமாப் படுத்தீர்" என்று அவரிடம் குறைப்பட்டேன்.

"எங்க சுகம்? நேத்து எனக்கு மூச்சு அரைவாசிதான் இறங்கினது, அண்ணை. பயத்தில கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். எனக்கே அப்படியெண்டா, உங்களுக்கு?"

அவருடைய பயத்தைப் பார்த்தா நான் இவ்வளவு நேரமும் பொறாமைப்பட்டேன்?

வீட்டுக்கு வந்த மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, டொக்டர்மாருக்குக் காட்டுகிற கிளினிக் கொப்பியை எடுத்தேன். வலது கை கழுத்துப் பட்டியில் தொங்கியது. இடது கையால், முதல் பக்கத்தில், கோணல்மாணலாக எழுதினேன்: 'எனக்கு வீசிங் உண்டு.' இன்றைக்கும் அந்த எழுத்தைப் பார்த்தால், என் மூச்சை எனக்காகக் கேட்டு வாங்கித் தந்தவர் நான் எரிச்சல்பட்ட அந்த மனிதர்தான் என்பது நினைவில் வரும். பிறகு பம்ப்பை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிச் சட்டையின் மேல் பையில் வைத்தேன்.