கழுவிய ஊஞ்சல் பலகை

என் மரப்பட்டறையில் பேட்டரி டிரில்லை அழுத்தி, பழைய ஊஞ்சல் பலகையில் முதல் துளையை இட்டேன். மஞ்சள் தூளோடு பலா மரத்தின் வாசனை எழுந்தது. பலகையைக் கொண்டுவந்தவர் ஆரணியின் பெரிய பட்டு முதலாளி ஒருவரின் மகன். மறுநாள் கிரகப்பிரவேசம், புது வீட்டில் ஊஞ்சலை மாட்டப் புதுச் சங்கிலிக்கு ஏற்ற பெரிய துளைகள் வேண்டும் என்றார்.

அந்த வாசனையை நான் அறிவேன். என் சிறு வயதில், கூலிக்கு நெய்த சேலையை ஒப்படைக்க, எங்கள் ஊரான முள்ளிப்பட்டிலிருந்து என் தாயார் என்னையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தார். வழவழப்பான இந்தப் பலகையைக் கண்ட ஆசையில் நான் ஏறி அமர்ந்துவிட்டேன். முதலாளியின் மனைவி உள்ளிருந்து வந்தார்.

"ஏம்மா, புள்ளைய எங்க உக்கார வெச்சிகினு நிக்கற? ஜல்தியா தண்ணி மொண்டாந்து கழுவு!"

என் தாயார் தண்ணீர் மொண்டுவந்து கழுவினார். நனைந்த பலாவின் வாசனை கூடமெங்கும் பரவியது.

"அந்த மூலையையும் கழுவு" என்று அந்த அம்மாள் விரலால் காட்டினார். அந்த விரலை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை.

டிரில்லைக் கீழே வைத்தேன்.

"பலகை அழுக்கா கீதுங்க. கழுவிக் குடுத்தாத்தான் மத்த துளை போடுவேன்."

"நானாங்க? ஆளை அனுப்பறேனே."

"நீங்கதாங்க. பக்கெட்டு அங்க கீது."

துளையிடுவதற்குப் பலகையைக் கழுவ வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. அவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து தேய்த்தார். பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் விரலை நீட்டினேன்.

"அந்த மூலையையும் கழுவுங்க."